கோச்சுக்கு ஒரு இலை

மாசி 12, வியாழன்

திரும்பவும் ஸ்னோ. படியெல்லாம் சறுக்குது.

சனிக்கிழமை மகன் ரூபன்ர முப்பத்தொண்டாம் நாள் காரியம். வாங்க: வாழையிலை, பூசணிக்காய், அப்பளம், கற்பூரம். எள்ளு கிடக்கு. மண்டபம் பூட்டித் திறக்கிற திறப்பு அண்ணையிட்ட.

பின்னேரம் அண்ணை வந்தவர். ஆராருக்குச் சொன்னனீ எண்டு கேட்டார். ரூபன்ர கோச்சுக்கும் சொன்னன் எண்டன். முகம் சுருங்கிப் போச்சு.

"அந்தக் கிழவனுக்கோ? இலையில சாப்பிடத் தெரியுமே அவருக்கு? உறைப்பும் தாங்காது."

"ரூபனோட வந்து என்ர குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில இருந்து, எத்தினை தரம் சாப்பிட்டவர்."

"அது குசினி. இது சபை, பிள்ளை. சனம் வரும்."

பிள்ளையாம். எனக்கு அறுபத்தாறு வயசு. பெத்த மகனைச் சுடலைக்கு அனுப்பிப் போட்டு இருக்கிறன்.

மாசி 13, வெள்ளி

கடுங்குளிர். ஹீட்டர் தட்டினாத்தான் வேலை செய்யுது. மகள் மீரா புவாண்ட்-கிளேரில வேலை முடிச்சு வந்தவள், அப்பளத்தை மறந்திட்டாள். ஏசினன். அழுதாள். தமையனைப் பறிகுடுத்தவளுக்கு அப்பளம் ஞாபகம் நிக்குமே. எனக்குத்தான் புத்தியில்லை.

கோச்சைப் பற்றி ரூபன் சொன்ன ஒண்டையும் அண்ணை காது குடுத்துக் கேட்டதில்லை. இங்க மொன்ட்ரியால்-நோரில பிள்ளையளுக்கு பாஸ்கெட்போல் பழக்கிறவர். ரூபனும் சின்னனில அவரிட்டத்தான் பழகினவன், பேந்து அவரோடயே நிண்டு பழக்கினவன். அதுக்கு முதல் அவர் அமெரிக்காவில, தெற்குப் பக்கம். வெள்ளைக்காரப் பிள்ளையள் படிக்கிற கல்லூரிக்கு முதல் வந்த கறுப்புக் கோச். வெளியூருக்கு விளையாடப் போனா, வழியில கடைக்காரர் பிள்ளையளை உள்ள இருத்திப்போட்டு இவரை மட்டும் குசினிக் கதவடியில இருத்துவினமாம். கறுப்பரைப் பிரிச்சு இருத்திற சட்டம் மாறியும் கடைக்காரர் மாறேல்லையாம். ஒருநாள் முழு டீமையும் எழுப்பிக்கொண்டு வெளியில போயிட்டாராம். பசியோட விளையாடித் தோத்தவையாம். ரூபன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான், "அம்மா, மனிசன் தோத்ததைத்தான் பெருமையாச் சொல்லுது" எண்டு.

அண்ணைக்கும் எனக்கும் ஒரே தாய் தேப்பன். ஊரில தேத்தண்ணிக் கடையில எங்கட ஆக்களுக்கு மட்டும் சிரட்டையில ஊத்தினவை. பள்ளிக்கூடத்தில மற்றப் பிள்ளையள் வாங்கில இருக்க, எங்களை நிலத்தில இருத்தினவை. நான் மூண்டாம் வகுப்போட விட்டிட்டன். அண்ணை அதை நினைச்சு இண்டைக்கும் பல்லை நெரிக்கிற ஆள். அப்ப இது என்ன எண்டு போனில கேட்டன்.

"அது வேற, இது வேற."

வச்சிட்டார். என்ன வேற? விசர் வருது.

மாசி 14, சனி

வெயில். குளிர் குறையேல்லை. ஐயர் பிந்தி வந்தார், லவாலில இன்னொரு வீடாம். பிள்ளையின்ர பேரையும் பிழையாச் சொன்னார். திருத்தினன். திரும்பவும் பிழையாச் சொன்னார்.

கோச் கோட்டும் டையுமா வந்தார். நீட்டு மேசையில எல்லாருக்கும் இலை போட்டுக் கிடக்கு. அண்ணை குசினிக் கதவடியில ஒரு சின்ன மேசை போட்டு, பேப்பர் பிளேட்டும் பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டியும் வச்சிருக்கிறார்.

"கதிரையெல்லாம் போட்டு மரியாதையாத்தானே வச்சிருக்கிறன்" எண்டார்.

கோச் அந்த மேசையைப் பாத்தார். மீராவிட்ட இங்கிலீஸில ஏதோ சொல்லிச் சிரிச்சார். என்னவாம் எண்டன்.

"இந்த மேசையைத் தனக்கு முந்தியே தெரியுமாம் அம்மா."

சொல்லிப்போட்டு அதில இருக்கப் போனார். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை. அண்டைக்கு டீமையே எழுப்பிக்கொண்டு போன மனிசன், என்ர பிள்ளைக்காகப் பேசாமல் இருக்கப் போறார்.

கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் நடுவில, அண்ணைக்கு வச்ச கதிரையில இருத்தினன்.

"சனம் பாக்குது" எண்டார் அண்ணை.

"பாக்கட்டும். அதுக்குத்தானே கூப்பிட்டது."

அண்ணை சோத்து வாளியோட வந்தார். கோச்சின்ர இலையைத் தாண்டிப்போய் அடுத்த இலைக்குப் போட்டார். சபை முழுக்கக் கண்டது. அகப்பையைப் பறிச்சு நான் போட்டன். பருப்பும் நான்தான். அவசரத்தில அவரின்ர டையில ஊத்திப்போட்டன். துடைச்சுப்போட்டுச் சாப்பிட்டார், கையால.

துக்க வீட்டில ஒருத்தரும் சொல்லிக்கொண்டு போறேல்லை. கோச்சுக்கு அது எங்க தெரியும்? வாசலில நிண்டு, ரூபன் பழக்கின தமிழில, பலமா, "அம்மா, போயிட்டு வாறன்" எண்டார். அப்பிடிச் சொன்னா இன்னொரு சாவுக்கு வாறதெண்டு எங்கட சனம் பயப்படும். சனம் சோத்துக் கையோட திரும்பிப் பாத்தது.

"இப்ப சந்தோசமோ உனக்கு?" எண்டார் அண்ணை.

"ஓம், வாங்கோ" எண்டு கோச்சுக்குச் சொன்னன். எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னன்.

மாசி 15, ஞாயிறு

கால் உளைவு. அண்ணை மீராவிட்டச் சொல்லி விட்டிருக்கிறார், நான் இனித் தன்ர படி மிதிக்கக் கூடாதாம். எனக்கு இருக்கிறது அந்த ஒரு சகோதரம். போன் அடிச்சன், எடுக்கேல்லை.

மத்தியானம் கோச் வந்தார். வாறன் எண்டு சொன்னவர்தானே. மிச்சச் சோத்தைச் சூடாக்கிக் குடுத்தன். பருப்பில உப்புக் குறைவாம், நேற்றுச் சபையில சொல்ல வெக்கமாக் கிடந்ததாம். அது அண்ணை காய்ச்சின பருப்பு. போன் எடுத்தா அதையும் சொல்ல வேணும்.