முன்னறைக்கு இரண்டு நாற்காலி

3-11-2009, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கொடியில் காய்ந்த துணி கொடியிலேயே நனைந்தது. எடுக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரை மடிக்கவில்லை.

முன்னறையைத் தையல் கடைப் பெண் காலி செய்துவிட்டுப் போய்விட்டாள். மகன் செந்தில் சென்னையிலிருந்து போன். "அம்மா, ரீசார்ஜ் கடைக்கு ஒரு ஆளு கேக்குறாரு. ரோட்டு மேல ரூமு, சும்மா ஏன் கெடக்கணும்?"

சும்மா இல்லை, எனக்கு வேண்டும் என்றேன்.

"ஒனக்கு எதுக்கும்மா?"

உட்கார.

போனில் அவன் சிரித்தான். பக்கத்தில் இவரும். கடைசியில் ஒரு கெடு: கார்த்திகை பிறப்பதற்குள் சாமான் போட்டு உட்காரும் அறையாக்கிக் காட்டினால் எனக்கு. இல்லாவிட்டால் ரீசார்ஜ் கடைக்கு.

இந்த வீட்டில் பெஞ்சு மாமியார் வாங்கியது. பிளாஸ்டிக் சேர்கள் இவர். டி.வி. ஸ்டாண்டு மகன் செ. நான் பார்த்து, எனக்குப் பிடித்து வாங்கிய சாமான் என்று ஒரு முக்காலி உண்டா? கிடையாது.

வேண்டியது:
கால் விரிந்த நாற்காலி 2
வட்ட மேஜை, குட்டை
மஞ்சள் திரை
தரையில் நிற்கும் நிலைவிளக்கு, கிடைத்தால்
சாமி காலண்டர், கட்சி காலண்டர், நகைக்கடை காலண்டர் எதுவும் வேண்டாம்.

4-11, புதன்

தூறல். செம்மண்டலத்திலிருந்து மஞ்சக்குப்பம், ஷேர் ஆட்டோ. புது ஃபர்னிச்சர் கடை, உள்ளே ஏ.சி. குளிர். நான் கேட்டது போலவே ஒரு நாற்காலி! கால் விரிந்து, கை மெலிந்து.

"ரெட்ரோ மேடம். லேட்டஸ்ட் மாடல். ஃபாரின்ல இப்ப இதான் ஓடுது."

லேட்டஸ்டா? நான் அறுபத்தொன்றிலேயே பார்த்தாயிற்று. சிதம்பரத்தில் ஒரு புரொபசர் வீடு. அவர் நிலத்தை அப்பா குத்தகைக்கு உழுதார். அறுப்பு முடிந்து அரிசி கொண்டுபோவோம். இப்படி நாலு நாற்காலி, மஞ்சள் திரை, விளக்கு. மூட்டை உள்ளே போயிற்று. என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

கையை மடக்கி நாற்காலியைத் தட்டினேன். மரம் இல்லை, அமுக்கின மரத்தூள்.

"மேடம், தட்டாதீங்க."

தட்டக்கூடாத நாற்காலியில் எப்படி உட்காருவது? வந்துவிட்டேன். ப்ரஷர் மாத்திரை வாங்க மறந்தது.

6-11, வெள்ளி

மழை விட்டது. சிதம்பரம் பஸ். அவரும் கூட வந்தார், அரை மனசு. கீழ வீதிக்குப் பின்னால் பழைய சாமான் கடை, ஒரு பாய் நடத்துகிறார். உடைந்த பீரோக்களுக்கு நடுவே இருந்தன. இரண்டு! தேக்கு. கால் விரிந்து. கை வளைவு நான் பார்த்த அதே வளைவு. ஆசையை முகத்தில் காட்டவில்லை.

"யாரு வீட்டுது பாய்? செத்தவங்க வீட்டுதா?"

"ஐயய்ய, இல்லம்மா. பையன்கிட்ட அமெரிக்கா போயிட்டாங்க. நல்லா இருக்காங்க. ஒக்காந்து பாருங்க."

மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் அடுத்தவர் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றேன்.

"ஒக்காராமலே சேர் வாங்குற மொத ஆளு நீங்கதான்."

அவர் என் காதோரம், "ஏன்டி, தடவித் தடவிப் பாக்குற, விலையைக் கேளு." கேட்டேன். பாய் சொன்னதில் பாதி சொன்னேன். இருவருக்கும் கோபம், பிறகு டீ. வட்ட மேஜையும் சேர்த்து முடிந்தது. விளக்கு இல்லை.

9-11, திங்கள்

குட்டி யானை வண்டியில் சாமான் வந்து இறங்கியது. தார்ப்பாய் போட்டும் ஒரு கால் ஈரம். துடைத்துச் சாக்கு போட்டு மூடி வைத்தேன். வியாழன்தான் நாள் நன்றாக இருக்கிறது. அவர் சாக்கைத் தூக்கி உட்காரப் போனார். அதட்டினேன்.

திரைத் துணி எடுத்தாயிற்று. கடுகு மஞ்சள், இலை இலையாகப் போட்டது. நானே தைப்பேன். தையலும் யாரும் சொல்லித் தரவில்லை, பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பார்த்துக் கற்றதுதான்.

12-11, வியாழன்

வெயில்! பால் அடுப்பில். மஞ்சள் தண்ணீர், சூடம். உட்கார்ந்தேன். முதுகு சாய்ந்தது, கால் நீண்டது. ஜன்னலில் முருங்கை மரம் முழுசாகத் தெரிகிறது. இத்தனை வருஷம் இருந்தும் இப்படிப் பார்த்ததில்லை.

எழப் பார்த்தேன். வரவில்லை. நாற்காலி அத்தனை குட்டை. முட்டி மடங்கினது மடங்கினதுதான்.

உள்ளேயிருந்து அவர்: "ஏன்டி, பால் பொங்குது!"

"பொங்கட்டும். புது சாமான்ல ஒக்காந்த நாளு, நல்லதுதான்."

அவர் கடைக்குப் போன பிறகு பக்கவாட்டில் உருண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தேன். யாருக்கும் தெரியாது.

13-11, வெள்ளி

யோசனை. அடியில் கட்டை கொடுத்து உயர்த்தலாம். காலின் அழகு போய்விடும், மாட்டேன். இலவம்பஞ்சு மெத்தை தடியாகத் தைத்தால் போதும். திருப்பாதிரிப்புலியூர் பஞ்சுக் கடையில், "ஈரத்துல பஞ்சு கட்டிக்கும்மா, செவ்வாக்கெழம வாங்க."

ஞாயிற்றுக்கிழமை செ. வருகிறான். தனியாக அல்ல, ரீசார்ஜ் கடைக்காரரோடு.

15-11, ஞாயிறு

வானம் மூடாக்கு. திரைக்கு ஓரம் மடிக்க ஒரு பக்கம் பாக்கி. ஜன்னல் வெளிச்சம் வேண்டி நாற்காலியில் உட்கார்ந்துதான் தைத்தேன். வேறு வழியில்லை என்றும் இல்லை, ஆசை. மத்தியானம் வருவேன் என்றவன் காலையிலேயே வந்து நிற்கிறான், கூட அந்த ஆள், கையில் டேப்.

"அம்மா, கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா அளவு எடுத்துக்குவேன்."

"நான் இருக்கிற எடத்த விட்டுட்டு எடுத்துக்கப்பா."

செ. முகம் சிவந்தது. "எந்திரிம்மா. வந்தவங்க முன்னாடி என்ன இது?"

"மாட்டேன்."

முடியாது என்பது வேறு விஷயம். அது அவனுக்கு எதற்கு? ஊசியை நிறுத்தவில்லை. அந்த ஆள் திரையைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

"சார், இது கடை போடுற ரூமா? வீட்டோட ஹாலு. அம்மா ஆசையா வெச்சிருக்காங்க. நான் வேற எடம் பாத்துக்குறேன்."

அந்த ஆள் போனபின் செ. எதிர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். நாற்காலிக் கையைத் தடவினான். சாய்ந்தான்.

"நல்லாத்தான் இருக்கு."

"தேக்கு."

"சரி, ரூமு ஒனக்கே. ஒரு காப்பி போடும்மா."

"நீ போடு."

கதவருகே நின்ற அவர் என் முட்டியைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே திரும்பினார். தெரிந்துவிட்டது போல. செ. எழுந்து அடுப்படிக்குப் போனான். டம்ளரைக் கொண்டுவந்து வட்ட மேஜையில் என் பக்கம் வைத்தான். சர்க்கரை ஜாஸ்தி. முழுசும் குடித்தேன்.