இரண்டு இஞ்ச் குறைத்த ஸ்டூல்

கொரட்டூர், ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெனிட்டோ எழுதுவது. அப்பாவுக்கு இருமல் விட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

முதலாளி வீட்டுக்கு ஒரு ஸ்டூல் செய்தேன். அவருடைய அம்மா ஜெகதாம்பாளுக்கு மெஷின் சத்தம் ஆகாதாம். அதனால் வீட்டுக் கொல்லையிலேயே கைரம்பம், இழைப்புளி, உளி மட்டும் வைத்துச் செய்தேன். அந்தம்மா உட்காரத்தான் என்று நினைத்து, புடவை மாட்டாதபடி மூலைகளை வழவழவென்று இழைத்தேன். அந்தம்மாவே வந்து பார்த்து, "ஒசரமா கீது, ரெண்டு இஞ்ச் கொறைப்பா," என்றார். முட்டிவலிக்காரர் இவ்வளவு தாழ்வாக எப்படி உட்காருவார் என்று யோசித்துக்கொண்டே நான்கு கால்களையும் அறுத்தேன்.

மறுநாள் மத்தியானம் மற்ற வேலையாட்கள் நாற்காலியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஸ்டூல் கக்கூஸ் பக்கம் கிடந்தது. "ஒன் ஊர்ல விசாரிச்சேன். நீ அதுல குந்திக்கோ. எங்க ஆளுங்களுக்கு சமமா குந்தக் கூடாது பாரு, அதான் கொறைக்கச் சொன்னேன்," என்றார் அந்தம்மா.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய தட்டைக் கொடுத்தனுப்புங்கள். இவர்கள் தட்டில் எனக்குப் போட மாட்டார்களாம்.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். அம்மா, வருத்தப்படாதீர்கள். நான் செய்ததாயிற்றே, ஸ்டூல் கொஞ்சமும் ஆடவில்லை. மூலையில் என் கைலிகூட மாட்டுவதில்லை.

பெனிட்டோ