எதை அமுக்கினாலும் படிக்கட்டு

மார்ச் 3
நடைமேம்பாலக் கட்டுரை இன்று வெளியானது. சாலைக்கு இந்தப் பக்கம் நாற்பத்திரண்டு படி, எதிர்ப்பக்கம் நாற்பத்தொன்று. அங்கே கடைசிப் படியைக் கட்டாமலே விட்டுவிட்டார்கள். இரண்டு மாதத்தில் ஏழு பேர் விழுந்திருக்கிறார்கள். ஏழு பேரையும் பார்த்துப் பேசித்தான் எழுதினேன். இணையதளத்தில் படித்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் விழுந்தவர்களாகவே இருக்கலாம்.

மார்ச் 5
மாதக் கடைசியில் ஒரு நிருபரைக் குறைக்கப் போகிறார்கள். யாருக்கு வாசகர் குறைவோ, அவர். பெயரை யாரும் சொல்லவில்லை. வாசல் காவலாளிகூட இன்று என்னிடம் அன்பாகப் பேசினார்.

மார்ச் 12
நேற்று ஒரே நாளில் அந்தக் கட்டுரையை எண்பத்திரண்டாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இருபத்தாறு வருடத்தில் இது இரண்டாம் முறை. "படிக்கட்டுல இன்னும் ஏதாவது இருக்கா சார்?"
கைப்பிடி இருக்கிறது என்றேன்.

மார்ச் 15
ஒரு நாள் கணக்கே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பக்கத்து நாற்காலியில் சினிமாச் செய்தி எழுதுகிறவள் – ஆபீஸில் அவள் பெயரே சினிமாதான் – நாலு நாளாக சைபர். ஒரு நடிகரின் கல்யாணத்துக்கு சைபரா? "எங்க வீட்டுக்காரர்கூடப் படிக்கலையாண்ணே?" என்று சிரித்தாள்.

மார்ச் 17, ஞாயிறு
மனைவி வானிலை பார்க்க எங்கள் இணையதளத்தைத் திறந்தாள். "என்னங்க, துணி காயப் போடலாமான்னு பார்த்தா உங்க படிக்கட்டு வருது."
வாங்கிப் பார்த்தேன். முகப்பு சரியாகத்தான் வந்தது. விளையாட்டை அமுக்கினால் படிக்கட்டு. நடிகர் கல்யாணத்தை அமுக்கினால் படிக்கட்டு. 'புகார் தெரிவிக்க' – அதற்கும் படிக்கட்டு. ஒரு புகாரும் வராததன் ரகசியம் அதுதான்.
துணி நனைந்துவிட்டது.

மார்ச் 18
யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போவது எனக்கு. சொல்லாவிட்டால் சினிமாவுக்கு. பதினொரு வருடமாக ஒரே மேசை. எனக்கு எதுக்குடா வானிலை?

மார்ச் 19
கணினிப் பிரிவுப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவள் விளக்கியது: வாசகர் எதைக் கேட்டாலும் அது முதலில் முன்வாசல் சர்வருக்கு வரும். பக்கத்தைத் தயார் செய்வது உள்ளே இருக்கும் இன்னொரு சர்வர். எதை உள்ளே அனுப்புவது என்பதற்கு முன்வாசலில் ஒரு விதிப்பட்டியல் உண்டு. மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் பொருந்தும் விதியோடு அது நின்றுவிடும். பதினோராம் தேதி சோதனைக்காக, முகப்பு தவிர எதைக் கேட்டாலும் இந்த ஒரு பக்கத்தைக் கொடு என்று உச்சியில் ஒரு விதி எழுதினாள். அழிக்க மறந்துவிட்டாள். ஆபீஸிலிருந்து பார்க்கிறவர்கள் முன்வாசலைத் தொடாமல் நேரே உள்ளே போய்விடுவதால் எங்களில் யாருக்கும் தெரியவில்லை.
அதற்கு ஏன் என் கட்டுரை என்று கேட்டேன். தரையைப் பார்த்தாள்.
"யாரும் படிக்காத பக்கமா ஒண்ணு தேடினேன் சார்."
ஒரே ஒரு வரியை அழித்தாள். நாலு விநாடி ஆனது.

மார்ச் 20
படித்தவர்கள்: நாலு பேர்.

மார்ச் 30
ஆசிரியர் நிற்கவைத்தே பேசினார். நடுவில் வந்த அந்த நாட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்களாம். நியாயம்தான். சினிமா என் பையை வாசல் வரை தூக்கிக்கொண்டு வந்தாள். கணினிப் பெண் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போல. "சும்மா இருந்திருக்கலாமேண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 9
காலை பதினொரு மணிக்கு நடைமேம்பாலத்துக்குப் போனேன். இப்போது எந்த மணிக்கும் போகலாம். இத்தனை லட்சம் பேர் படித்த பயத்தில் நகராட்சி புதுப் படி கட்டியிருக்கிறது. சிமெண்டு இன்னும் வெளுக்கவில்லை. எண்ணினேன். எதிர்ப்பக்கம் நாற்பத்தொன்று. இந்தப் பக்கம் நாற்பத்து மூன்று. மேலே ஏறி மறுபடி எண்ணிக்கொண்டே இறங்கினேன். அதேதான்.
சினிமாவுக்கு ஃபோன் செய்தேன். "எழுதி அனுப்புங்கண்ணே. உங்க பேர்லயே போட வைக்கிறேன்."

ஏப்ரல் 11
வெளியானது. மாலை வரை படித்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி சினிமா. இன்னொருத்தி என் மனைவி, வானிலை பார்த்து முடித்த பிறகு. மூன்றாவது யார், எந்தப் பக்கம் விழுந்தவர் என்று விசாரிக்க வேண்டும்.