சுருட்டை விட்ட வாயும் தெருக்குழாய்த் தண்ணீரும்

அனுப்புநர்:
சூராடா தாலம்மா,
க/பெ. சூராடா எர்ரய்யா,
மீனவர் தெரு, நூகலபாலெம்,
ஸ்ரீகாகுளம் மாவட்டம்.

பெறுநர்:
மண்டல வளர்ச்சி அலுவலர் அவர்கள்.

பொருள்: சாக்கடையில் உடைந்து கிடக்கும் குடிநீர்க் குழாயை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடற்காற்றில் அணையாதிருக்க, நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிப்பவர்கள் எங்கள் தெருப் பெண்கள். தாங்கள் அறிந்ததே. சங்கராந்தி கழிந்து தங்கள் அலுவலகம் நடத்திய முகாமில், எனக்கும் என் ஓரகத்தி பைடம்மாவுக்கும் மேலண்ணத்தில் வெள்ளைத் திட்டு இருப்பதைப் பல் மருத்துவர் காட்டினார். இருவரும் அன்றே சுருட்டை விட்டோம்.

பலன் உண்டு, மறுக்கவில்லை. இருமல் அடங்கியது. மீன்கூடையுடன் மேட்டுச் சாலை ஏறினால் இப்போது மூச்சு வாங்குவதில்லை. என் திட்டு சுருங்கியிருப்பதாக மருத்துவரே சொன்னார். நாக்குக்கும் உயிர் வந்து, என் மீன் புளுசுக் குழம்பில் உப்பு அதிகம் என்பதை நானே கண்டுபிடித்தேன். "கல்யாணமானதுலேருந்து கடலத்தான்டி குடிச்சிட்டிருக்கேன்" என்றார் என் கணவர்.

மூக்கும் பிழைத்துக்கொண்டது. வினையே அதில்தான். குழாய்த் தண்ணீரில் அழுகிய இறால் வாடை அடிப்பது தெரிந்தது. குழாய் போகும் வழியே நடந்து பார்த்தோம். இறால் கொட்டகைச் சாக்கடைக்குள் அது உடைந்து கிடக்கிறது.

குடிநீர்ப் பொறியாளரிடம் முறையிட்டோம். "தண்ணி எப்பவும் போலத்தான் இருக்கு. உங்க வாய்தான் மாறிப்போச்சு. பேசாம ஒரு சுருட்டப் பத்த வைங்கம்மா, நாத்தம் தெரியாது" என்று சிரித்தார். வாய் மாறியது உண்மை. மாற்றச் சொன்னது தங்கள் அலுவலகம்.

அவர் சொன்னபடியே பைடம்மா மறுபடி பற்றவைத்துவிட்டார். "தண்ணி தொண்டையில எறங்கணும்ல தங்கச்சி, நான் என்ன செய்ய?" என்கிறார். மறுபடி புகைத்தால் திட்டு புற்றாகும் என்று மருத்துவர் எச்சரித்தது அவரைத்தான். அவருடைய சுருட்டுக் கட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். ஏசுகிறார். ஏசட்டும்.

ஆகவே குழாயைச் சாக்கடையிலிருந்து எடுத்துப் புதிதாகப் பதிக்கவும், அதுவரை லாரியில் தண்ணீர் அனுப்பவும் உத்தரவிட வேண்டுகிறேன். தண்ணீரில் குறையில்லை என்று பொறியாளர் தங்களிடம் சொன்னால், எங்கள் குழாயில் ஒரு சொம்பு பிடித்து, பைடம்மா எதிரிலேயே அவர் குடித்துக் காட்டட்டும். குடித்து முடித்தால் இந்த மனுவைத் திரும்பப் பெறுகிறேன். சுருட்டுக் கட்டை மட்டும் யார் வந்து கேட்டாலும் தர மாட்டேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சூராடா தாலம்மா
(கையொப்பம்)

இடம்: நூகலபாலெம்
நாள்: 14.06.2023