தாலுகா அம்மனை வெள்ளிக்கிழமைக்கு முன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பக் கோரி

அனுப்புநர்
சா. கிரேஸ்,
தொல்லியல் ஆலோசகர்,
ஐயம்பேட்டை,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: வட்டாட்சியர் அலுவலக மாடிப்படியின் கீழ் உள்ள கற்சிலையைச் சிமெண்டில் பதிப்பதற்கு முன் மீட்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சாலை, கால்வாய் வேலைகள் தொடங்கும் முன் அந்த நிலத்தில் பழம்பொருள் உண்டா என்று பார்த்துச் சொல்வது என் தொழில். சென்ற ஆடியில் தென்னேரிக்கு அடுத்த ஒரு சிற்றூரில் கால்வாய் தோண்டியபோது இடுப்பளவு உயரச் சிலை ஒன்று கிடைத்தது. நிலத்துக்காரர் கோதண்டபாணி அதைத் தன் களத்திலேயே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். சட்டத்தைச் சொல்லி, அருங்காட்சியகத்தில் ஊர்ப் பெயரோடு வைப்பார்கள் என்று வாக்குக் கொடுத்து வாங்கி வந்தவள் நான்.

2. விதிப்படி சிலை எங்கள் பகுதி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனது. மண் அப்பியிருந்ததால் ஒப்படைப்புக் கடிதத்தில் "அமர்ந்த பெண் உருவம்" என்று மட்டுமே எழுதினேன். வண்டி வரும்வரை மாடிப்படிக்கு அடியில் வைத்தார்கள். வண்டி வரவில்லை. மஞ்சள் தண்ணீர் வந்தது, குங்குமம் வந்தது, எண்ணெய் விளக்கும் வந்துவிட்டது. இப்போது அதற்குப் பெயர் தாலுகா அம்மன். பட்டா மாறுதலுக்கு வருகிறவர்கள்கூடக் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

3. கண்ணுக்கும் உதட்டுக்கும் ஏற்கெனவே பெயிண்ட் அடித்தாயிற்று. வரும் வெள்ளி, பங்குனி உத்திரத்தன்று, பீடம் கட்டிச் சிமெண்டில் பதித்து டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள். பதித்துவிட்டால் உடைக்காமல் எடுக்க முடியாது. தடுக்கப் போன என்னிடம் அலுவலக உதவியாளர் குமாரவேல், "நீங்க வேதக்காரங்க மேடம், எங்க சாமியப் பத்தி ஒங்களுக்கு இன்னா தெரியும்? அவ பாட்டுக்கு குந்திகினு இருக்கா, வுட்ருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

4. ஐயா, அது தவ்வை. ஊரார் மூதேவி என்று சொல்வது இவளைத்தான். தேய்ந்துபோய்ப் பூங்கொத்து மாதிரித் தெரிவது காக்கைக் கொடி. நந்தி என்று அவர்கள் அருகம்புல் சாத்துவது மாட்டு முகம் கொண்ட அவள் மகனுக்கு. பல்லவர் காலத்தில் மனதாரக் கும்பிட்ட தெய்வம். இன்று அவள் பெயரே வசவு. அந்தப் பெயரை அன்று நான் சொல்லியிருந்தால் பொழுது சாய்வதற்குள் சிலை தெருவுக்கு வந்திருக்கும்.

5. சொல்லாததற்குக் காரணம் அங்கே பணிபுரியும் கலாவதி. கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லாதவர். சிலையின் பெருத்த வயிற்றைப் பார்த்து, மாசமாயிருக்கும் அம்மன் என்று நம்பி முதல் விளக்கை ஏற்றியவர் அவரே. இப்போது அவருக்கு ஏழாம் மாதம். "அவ குடுத்தது மேடம் இது" என்று என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தார். பிள்ளை உதைத்தது.

6. ஆகவே வியாழனுக்குள் சிலையை அருங்காட்சியகத்துக்கு அனுப்ப ஆணையிட வேண்டுகிறேன். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சாமி புறப்பாடாகவே அனுப்பச் சொன்னால் யாரும் மறிக்க மாட்டார்கள். பலகையில் கோதண்டபாணியின் ஊர்ப் பெயரும் "தாய்த் தெய்வம்" என்பதும் இப்போதைக்குப் போதும். கலாவதி குழந்தையைத் தூக்கி வந்து காட்டிவிட்டுப் போன பிறகு சரியான பெயரை எழுதித் தருகிறேன். பெயரை மறைத்துப் பலகை வைப்பது என் தொழிலுக்கு அடுக்காது. தெரிந்தேதான் கேட்கிறேன்.

7. கடைசியாக ஒன்று. இத்தகைய மனுக்கள் "உரிய நடவடிக்கைக்கு" என்று முத்திரையிட்டுச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கே திரும்பி வருவது வழக்கம். இதை மட்டும் அப்படி அனுப்பிவிடாதீர்கள் ஐயா. அங்கே தபாலைப் பிரித்துப் படிப்பவர் கலாவதி.

இடம்: ஐயம்பேட்டை
நாள்: 07.04.2025

தங்கள் உதவியை நம்பியிருக்கும்,
சா. கிரேஸ்