வியர்க்காத சட்டை

என்னங்க,

நேரில் கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள். அதனால்தான் எழுதி உங்கள் ஷூவுக்குள் வைக்கிறேன்.

"மெதுவா நடந்தாலே போதும்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்கிறீர்கள். அதே டாக்டர் என் தங்கையிடம், "மூச்சு வாங்குற மாதிரி வேகமா நடங்க, அப்பத்தான் பலன்" என்றாராம். உங்களுக்கு மட்டும் என்ன சலுகை?

நம் சலவைக் கடையில் தினமும் ஊரார் வேர்வையோடு மல்லுக்கட்டுகிறவள் நான். ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருகிறீர்கள். உங்கள் சட்டையில் நான் போட்ட இஸ்திரி மடிப்புகூடக் கலைவதில்லை. யார் வீட்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறீர்களோ என்று வயிறு எரிந்தது. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நேற்று பின்னாலேயே வந்தேன்.

நீங்கள் நம் தெருவையே தாண்டவில்லை. மேடு தொடங்கும் இடத்தில், பூட்டிக் கிடந்த கடையின் படியில் உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொண்டிருந்தீர்கள். எழுந்து நாலடி வைத்தீர்கள். மறுபடி அடுத்த கடைப் படி.

டாக்டர் மெதுவாக நடந்தால் போதும் என்றாரா, இல்லை அதற்கு மேல் கூடவே கூடாது என்றாரா?

பதில் இப்போது வேண்டாம். நாளையிலிருந்து நானும் வருகிறேன். யாராவது கேட்டால், "இவளுக்கு முழங்கால் வலி, அதான் உக்காந்து உக்காந்து போறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள்
சந்தேகப் பிராணி