நீலத் தொட்டியில் உட்கார்ந்தபடி

அன்புள்ள தமாண்டா,

நீயும் குழந்தையும் சுகம்தானே? ஜோகன்னஸ்பர்க்கில் எங்கள் அறை நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒரு முடிவெடுத்தது: சோள மாவு வைக்கும் நீலத் தொட்டி இனி எனக்கே. பௌத்திரம் அறுத்த புண் ஆற, தினமும் அதில் உப்பு வெந்நீர் ஊற்றி உட்கார்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. வேறெங்கும்தான் உட்கார முடியவில்லை. ஞாயிறுக்குள் உட்கார முடிந்தால் மினிபஸ்ஸை மறுபடி நானே ஓட்டலாம் என்றார் முதலாளி.

"நின்னுக்கிட்டே ஓட்டுண்ணே, இன்னும் ஒரு ஆள ஏத்தலாம்!" என்கிறான் உடன் தங்கியிருக்கும் வைசன். தொட்டியைக் கழுவித் தருபவனும் அவன்தான்.

விரித்துப் படுக்க நீ கட்டும் பழைய சித்தெஞ்சே துணி ஒன்றை லிலாங்வே பஸ்காரரிடம் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம். அம்மாவிடம் சின்னக் கட்டி என்று சொல்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் பஸ் கிளம்புகிறது, முடிக்கிறேன். திங்கள் முதல் வண்டியை வைசன் ஓட்டுகிறான்.

உன்
லிம்பானி